சங்கும் ஓர் ஆயுதமே!



போர்க்களத்துக்குப் போகிறவன் கையில் என்ன இருக்க வேண்டும்? வாள் என்பீர்கள். வேல் என்பீர்கள். இந்தக் காலத்துப் பையன்களைக் கேட்டால் ஏகே-47 என்பார்கள். யாழ் என்று யாராவது சொல்வார்களா? சொன்னால், "ஏண்டா, சண்டைக்குப் போறியா, கச்சேரிக்குப் போறியா?" என்று ஓட்டித் தள்ளிவிட மாட்டோமா?

ஆனால் யாழோடு சண்டைக்குப் போகிற ஒருவன் இருக்கத்தான் செய்கிறான். நம்ம ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் போர்வைக்குள் ஓடுகிறதே, அந்த விளையாட்டுகளின் உலகத்தில்! ரோல் பிளேயிங் கேம் என்கிறார்கள். ஆளுக்கொரு வேஷம் ஏற்றுக்கொண்டு குழுவாகப் புறப்பட்டு, அரக்கர்களையும் டிராகன்களையும் அடித்துத் தீர்க்கிற விளையாட்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே காகிதமும் பகடையும் வைத்து ஆடத் தொடங்கியது இது. 1974இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. இரண்டே வருடத்தில், 1976இல், அதில் 'பார்ட்' என்ற ஒரு பாத்திரம் சேர்ந்தது. பார்ட் என்றால் வேறு யாரும் இல்லை, நம்ம பாணன்தான். பாட்டும் இசையும் கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவன்.

1992இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' ஐந்தாம் பாகத்தில் இந்தப் பாணனின் ஆயுதமே யாழ்தான். அதுவும் சும்மா யாழ் இல்லை. ஒன்றின் பெயர் அப்போலோவின் யாழ். அப்போலோ கிரேக்கர்களின் இசைக் கடவுள். டிராகன்களிடம் அந்த யாழுக்குத் தனி மவுசு! இன்னொன்று லாமியாவின் யாழ். லாமியா கிரேக்கக் கதையில் வருகிற பெண் பூதம். 2002இல் வந்த பதினோராம் பாகத்தில் கியாலார்ஹார்ன் என்ற கொம்பு வருகிறது. வடஐரோப்பியப் புராணத்தில் உலகம் அழியப்போகும் வேளையில் ஹெய்ம்டால் என்ற காவல் தெய்வம் எடுத்து ஊதுகிற கொம்பு அது.

ஆக, புராணப் பெயர் கொண்ட ஒரு வாத்தியம், அதுவே ஆயுதம். நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். குழு சேரும்போது எல்லோருக்கும் வாள்காரன் வேஷம்தான் வேண்டும். பாணன் வேஷத்தை ஒருத்தரும் தொடுவதில்லை. "அவன் அடிச்சா கொசு கூட சாவாது மச்சி!"

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர். வாத்தியம் ஆயுதம் என்பது விளையாட்டுக்காரர்களின் கற்பனை மட்டும் இல்லை. நம் மண்ணின் பழைய கணக்கு அது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆட்கள் டிப்ளமோ முடித்து ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் பஸ் ஏறப்போகிற நாம்தான்.

பெருமாள் கையில் இருப்பது என்ன?

தூரம் போக வேண்டாம். நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 1017இல் இராமானுஜர் பிறந்த ஊர் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஷிப்டுக்குப் போகிற நாமோ கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்ததோடு சரி. உள்ளே பெருமாள் ஒரு கையில் சக்கரம், ஒரு கையில் சங்கு ஏந்தி நிற்கிறார். சக்கரம் சரி, அது வெட்டும். சங்கு எதற்கு?

திருமாலுக்கு ஐந்து ஆயுதங்கள். சக்கரம் சுதர்சனம், கதை கௌமோதகி, வாள் நாந்தகம், வில் சார்ங்கம். ஐந்தாவது சங்கு, அதன் பெயர் பாஞ்சஜன்யம். பஞ்சாயுதம் என்று வடமொழியில் சொல்வதைத்தான் தமிழில் ஐம்படை என்றார்கள். அந்த ஐந்தையும் சிறிதாகச் செய்து கோத்துக் குழந்தையின் கழுத்தில் காப்பாகக் கட்டினார்கள். ஐம்படைத்தாலி என்று பெயர். கவனியுங்கள் நண்பர்களே, ஐந்தில் நான்கு வெட்டும், அடிக்கும், எய்யும். ஐந்தாவது ஊதும்! அதையும் படைக்கலம் என்றே எண்ணினார்கள். அணிகலன் என்று ஒதுக்கவில்லை. பக்கத்தில் காஞ்சிபுரம் திருவெஃகாவில் பிறந்த பொய்கையாழ்வாரைப் பாஞ்சஜன்யத்தின் அம்சம் என்றே வைணவர்கள் கொண்டாடுகிறார்கள். பாட்டுக்காரரைச் சங்கின் பிறவி என்றது சும்மா சொன்னதா?

இந்தச் சங்கு கிடைத்த கதை மாணவர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. கண்ணன் சாந்தீபனி முனிவரிடம் படிப்பை முடித்தான். "குருதட்சிணை என்ன வேண்டும்?" என்றான். கடலில் மூழ்கிப் போன தன் மகன் வேண்டும் என்றார் குரு. கடலுக்குள் சங்கு வடிவில் இருந்த பஞ்சஜனன் என்ற அசுரனைக் கண்ணன் கொன்றான். உள்ளே பிள்ளை இல்லை. அந்தச் சங்கை எடுத்துக்கொண்டு எமனுடைய ஊருக்கே போய் வாசலில் நின்று ஊதினான். எமன் வெளியே வந்தான், பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தான். அதாவது, படிப்பு முடித்த ஒரு மாணவன் அந்தச் சங்கை ஊதியது, போன பிள்ளையை மீட்டுத் தா என்று கேட்பதற்காக. குருக்ஷேத்திரம் எல்லாம் பிற்பாடு.

ஊதினால் எப்படி வெட்டும்?

இப்போது கொஞ்சம் நம்ம பாடத்துக்கு வருவோம். சங்கின் நுனியை அறுத்து வாய் வைக்கிறோம். உதடு அதிர்கிறது. உள்ளே சுருள்சுருளாக, போகப் போக அகன்றுகொண்டே போகும் குழாய். அதற்குள் காற்று அதிர்ந்து பெரும் ஓசையாக வெளியே வருகிறது. பேண்டு வாத்தியத்து டிரம்பெட்டின் தத்துவமும் இதுதான், லேத்தும் மோல்டும் இல்லாமல் கடலே செய்து கொடுத்தது ஒன்றுதான் வித்தியாசம். பிரான்சில் மார்சுலா என்ற குகையில் 1931இல் எடுத்த ஒரு சங்கை 2021இல் மறுபடி ஆராய்ந்தார்கள். சுமார் 18,000 வருடங்களுக்கு முன்பே மனிதன் அதன் நுனியை உடைத்து ஊதுகருவியாக ஆக்கியிருக்கிறான் என்று கண்டார்கள்.

சரி, இந்த ஓசை யாரை என்ன செய்யும்? மூன்று காரியம் செய்யும்.

முதலாவது, தன் ஆட்களைச் சேர்க்கும். ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் தலைவன் குரல் பத்து வரிசை தாண்டாது. சங்கோசை தாண்டும். முன்னேறு என்றால் எல்லோரும் ஒரே நொடியில் முன்னேறுவார்கள். விளையாட்டிலும் பாணனின் முக்கிய வேலை இதுதான். அவன் பாடினால் கூட்டாளிகளின் பலம் கூடும், வேகம் கூடும். அவன் அடித்த அடி குறைவு, அவனால் மற்றவர்கள் அடித்த அடி அதிகம்.

இரண்டாவது, எதிரியைக் கலக்கும். கீதையின் முதல் அத்தியாயத்தில் பாண்டவர்களின் சங்கொலி கௌரவர்களின் நெஞ்சைப் பிளந்தது என்று வருகிறது. பைபிளில் எரிகோ கோட்டையைச் சுற்றி ஏழு குருக்கள் ஏழு கொம்புகளை ஊத, மதில் விழுந்ததாகக் கதை. அதெல்லாம் கதை என்று தள்ளுகிறவர்களுக்கு இந்தக் காலத்து உதாரணமும் உண்டு. 2000இல் ஏடன் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் தாக்கப்பட்ட பிறகு, எல்.ஆர்.ஏ.டி. என்ற நெடுந்தூர ஒலிக்கருவியை உருவாக்கினார்கள். 2005 நவம்பரில் சோமாலியா அருகே ஒரு பயணிகள் கப்பல், நெருங்கி வந்த கடற்கொள்ளையர்மீது அதைத் திருப்பியது. தோட்டா இல்லை, குண்டு இல்லை, வெறும் சத்தம்!

மூன்றாவது காரியம்தான் பயங்கரமானது. மற்றக் குரலை அமுக்கும். நாம் கேட்டு வளர்ந்த பாரதக் கதையில் துரோணரை வீழ்த்த, "அசுவத்தாமன் இறந்தான்" என்று தருமர் உரக்கச் சொல்கிறார். "என்ற யானை" என்று அவர் முனகும் நேரம் பார்த்துச் சங்கு முழங்குகிறது. துரோணருக்குப் பாதிதான் கேட்டது. வில்லைக் கீழே போட்டார், உயிரும் போனது. உண்மையை மறைக்கப் பொய் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் ஓங்கிச் சத்தம் போட்டாலே போதும்!

நம் சங்க காலத்து அரசர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுக்கு முரசு உயிர். வீரமுரசு, கொடைமுரசு, நியாயமுரசு என்று மூன்று வைத்திருந்தார்கள். முரசுக்கென்று தனிக் கட்டில். எதிரியின் முரசைக் கைப்பற்றினால் அவன் நாட்டையே கைப்பற்றியது மாதிரி. அந்த முரசுக் கட்டிலில் தெரியாமல் படுத்துத் தூங்கிவிட்ட புலவர் மோசிகீரனாரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டாமல் விட்டதோடு, நின்று விசிறியும் வீசினான் என்கிறது புறநானூறு. சாதாரண நாளாயிருந்தால் அது தலை போகிற குற்றம். வாத்தியத்துக்கு அவ்வளவு மரியாதை.

நம்ம ஊர்ச் சங்கு

இப்போது குருக்ஷேத்திரத்திலிருந்து நேராக ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் பெங்களூர் ஹைவேஸுக்கும் நடுவில் இருக்கிற நம்ம குருக்ஷேத்திரத்துக்கு வாருங்கள்.

ஆலையில் ஊதுகிற சைரனுக்குத் தமிழில் என்ன பெயர்? சங்கு! எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் இல்லை. "மில்லு சங்கு ஊதிடுச்சு, சோத்தைக் கட்டு" என்று பெரம்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஜனங்கள் தாங்களே வைத்த பெயர். கடிகாரம் இல்லாத வீடுகள் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் உலை வைத்தன, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பின. ஒருவர் பொத்தானை அழுத்த, ஆயிரம் பேர் எழுந்தார்கள், நடந்தார்கள், உட்கார்ந்தார்கள். நான் மேலே சொன்ன முதல் காரியம் அச்சு அசலாக இதுதானே? இன்று பல கம்பெனிகளில் கைரேகை மெஷினும் செல்போன் அலாரமும் அந்த வேலையைப் பார்க்கின்றன. விடியற்காலை நாலரை மணிக்கு அலாரம் அடித்து, ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற அண்ணன்களையும் அக்காக்களையும் சுங்குவார்சத்திரத்திலும் படப்பையிலும் பார்க்கிறோம். ஒரு பெரிய சங்கு, ஆளுக்கொரு சின்னச் சங்காகிப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் மாற்றம்.

மூன்றாவது காரியமும் இங்கே நடக்கிறது. போன வருஷம் இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு நான் போன ஒரு பிரஸ் ஷாப்பில் (கம்பெனி பெயர் வேண்டாமே) பவர் பிரஸ்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. இரண்டடி தள்ளி நிற்கிற ஆபரேட்டர் அண்ணன் என் காதில் வாய் வைத்துத்தான் பேசினார். இயர் பிளக் கேட்டேன். "புதுசா வந்தவங்களுக்குத்தான் சத்தமா இருக்கும் தம்பி. ஆறு மாசத்துல பழகிடும்" என்றார் சூப்பர்வைசர்.

பழகிவிடுமா? விஞ்ஞானம் என்ன சொல்கிறது தெரியுமா நண்பர்களே? காதின் உட்பகுதியில் மயிரிழை போன்ற நுண்செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் அவை சாகின்றன. செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பழகிவிட்டது என்று அந்த அண்ணன்கள் நினைப்பது பல நேரம் காது போக ஆரம்பித்த அறிகுறிதான். முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகள். அதனால் ஆள் பேசுவது கேட்கும், ஆனால் என்ன பேசினார் என்பது பிடிபடாது. "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிச் சமாளிப்பார்கள். நம் நாட்டு ஆலை விதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை. 90 என்பது 100 ஆனால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது. பேரிரைச்சலால் வரும் காது கேளாமை, 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்ற ஒன்று. மெஷினைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாது. ராத்திரி முழுக்க ஹெட்போனில் முழு வால்யூம் வைத்து ஆடுகிறோமே, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலைத் தாண்டாதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று ஒரு பழமொழி. காது கேளாதவரை இளக்காரம் செய்கிற பழமொழி என்பதால் எனக்கு அது பிடிக்காது. ஆனாலும் நம்ம காரிடாரில் அது தலைகீழாகத்தான் நடக்கிறது. சங்கு ஊதி ஊதியே ஆள் செவிடாகிறான். அதன் பிறகு அவன் போட்ட மனு யாருக்கும் கேட்பதில்லை.

சங்கு, சங்கம்

தமிழ் அகராதியை எடுத்துச் 'சங்கம்' என்ற சொல்லைப் பாருங்கள். கூட்டம், சபை என்று ஒரு பொருள். சங்கு என்று இன்னொரு பொருள்! வடமொழியில் இரண்டும் வேறு வேறு சொற்கள், சங்க்கம் வேறு, சங்கம் வேறு. தமிழ் எழுத்தில் வந்து விழும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. தற்செயல்தான். ஆனால் என்ன பொருத்தமான தற்செயல்! தனித்தனி ஆட்களை ஒரு குரலாக்குவது சங்கும் செய்கிறது, சங்கமும் செய்கிறது.

இதை நம் சென்னைதான் நாட்டுக்குக் காட்டியது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க.வும் உடன் நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதுவரை மில்லில் சங்கு ஒன்றுதான் இருந்தது, அது முதலாளி கையில். அந்த வருடம் இரண்டாவது சங்கு வந்தது.

நம்ம காரிடாரில் சமீபத்தில் ஊதிய இரண்டு சங்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. செத்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் இறங்கி வந்து சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. விடுதியும் சாப்பாட்டு அறையும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. எமன் வாசலில் நின்று ஊதியது போலத்தான் இருந்தது அது, எங்கள் தோழியைக் காட்டு என்று! வதந்தி பொய். ஆனால் வதந்திக்கு இடம் கொடுத்தது யார்? தகவல் சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்காததுதானே?

இரண்டாவது, 2024. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 37 நாள். சம்பளமும் ஒரு கோரிக்கைதான். ஆனால் முதல் கோரிக்கை சங்கத்தை அங்கீகரி என்பது. அங்கே ஒரு விசித்திரமான வழக்கு எழுந்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக் கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. விஷயம் உயர் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரி 27 அன்று அந்தப் பெயரோடேயே சங்கம் பதிவானது.

பெயருக்காக இவ்வளவு சண்டையா என்று சிலர் கேட்டார்கள். கீதையின் முதல் அத்தியாயத்தை மறுபடி புரட்டுங்கள் நண்பர்களே. கண்ணன் பாஞ்சஜன்யம் ஊதினான், அர்ச்சுனன் தேவதத்தம், பீமன் பௌண்ட்ரம், தருமர் அனந்தவிஜயம், நகுலன் சுகோஷம், சகாதேவன் மணிபுஷ்பகம். ஒவ்வொரு சங்குக்கும் பெயர் உண்டு. எதிர்ப்பக்கமும் ஊதியது. பீஷ்மர்தான் முதலில் ஊதினார். ஆனால் அந்தச் சங்குகளுக்கு அங்கே பெயர் இல்லை. பெயர் உள்ள சங்கை ஊதினவன் நான்தான் ஊதினேன் என்று நிற்கிறான். நாளைக்கும் அவனைத் தேடிப் போய்க் கேட்கலாம். பெயர் இல்லாத சத்தம் எழும், நெடுஞ்சாலையை மறிக்கும், அடங்கிவிடும். அடுத்த மாதம் யாரிடம் பேசுவது? விளையாட்டுக்காரன் தன் யாழுக்கு அப்போலோ என்று பெயர் வைத்ததிலும் இந்தச் சூட்சுமம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சங்கு ஊதினால் கம்பெனி ஓடிவிடுமா?

இது நம் வீட்டிலேயே கேட்கிற கேள்வி. "படிச்சோமா, வேலைக்குப் போனோமான்னு இரு. சங்கம் கிங்கம்னு போகாத. கம்பெனியை மூடிட்டுப் போயிட்டா?" அப்பா அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைத்தவர்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் நம் கண்ணெதிரே மூடிய பெரிய ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். நோக்கியா. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கி, உலகத்துக்கே செல்போன் அனுப்பியது. 2014 நவம்பர் 1 அன்று நின்றது. காரணம் வேலைநிறுத்தமா? வருமான வரித் தகராறு, சொத்து முடக்கம், கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது இந்த ஆலை மட்டும் வெளியே நின்றது, இவைதான். மூடுகிற கம்பெனி தன் கணக்கைப் பார்த்து மூடுகிறது. தொழிலாளி வாயை மூடிக்கொண்டிருந்தால் திறந்து வைப்பேன் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதித் தருவதில்லை.

ஆனாலும், எதற்கெடுத்தாலும் சங்கை எடு என்று நான் சொல்லவில்லை. விளையாட்டிலும் பாணன் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்று தெரிந்து பாட வேண்டும். எல்லா நேரமும் ஒரே பாட்டைப் பாடினால் கூட்டாளிகளே அவனைக் குழுவிலிருந்து கழற்றிவிடுவார்கள். தினமும் கத்துகிற சங்கை ஊர் அலட்சியம் செய்யும். உண்மையான காரணம், சரியான நேரம், ஊதுகிறவனின் பெயர், மூன்றும் இருந்தால்தான் அது ஆயுதம்.

நாம் என்ன செய்யலாம்?

நம்மில் பலர் முதலில் அப்ரண்டிஸாகத்தான் உள்ளே போகப்போகிறோம். 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு நம்மைப் 'பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர்' என்கிறது. அதைச் சொல்லியே பல இடங்களில் வாயை அடைப்பார்கள். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆலைத் தொழிலாளிக்கு உள்ள உடல்நல, பாதுகாப்பு ஏற்பாடுகள் அப்ரண்டிஸுக்கும் உண்டு என்கிறது அது. இயர் பிளக் யாரும் நமக்குப் போடுகிற பிச்சை இல்லை நண்பர்களே! பிரஸ்ஸில் கை வைக்கும் முன் கார்டு இருக்கிறதா என்று கேட்பதும் திமிர் இல்லை. ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் 20ஆம் பிரிவின்படி அப்ரண்டிஸ் ஆலோசகரிடம் போகலாம். டிப்ளமோக்காரர்களின் பயிற்சியைக் கவனிக்கும் தென்மண்டலத் தொழிற்பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. எமலோகம் அளவுக்கு தூரம் இல்லை!

ஒன்று, பயிற்சிக்குப் போகிற இடத்தில் சத்தத்தை அளந்து எழுதுங்கள். இன்று செல்போனிலேயே ஒலியளவு காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. அது துல்லியமாக இருக்காதுதான். ஆனால் "சத்தமா இருக்கு சார்" என்பதற்கும் "95 காட்டுது சார், சரியான மீட்டர் வைத்துப் பாருங்க" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. நாம் டெக்னீஷியன்கள். எண்ணால் பேசினால் எதிராளி எண்ணால்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு, தனியாகக் கேட்காதீர்கள். ஒரு பேட்ச்சில் பன்னிரண்டு பேர் போகிறீர்களா, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள். ஒருவன் கேட்டால் பிரச்சினை பண்ணுகிற பையன் என்பார்கள். பன்னிரண்டு பேர் கேட்டால் அது பிரச்சினை ஆகிவிடும், பையன் தப்பித்துக்கொள்வான்.

மூன்று, நமக்கு முன் போன அண்ணன், அக்காக்களோடு தொடர்பு வைத்துக்கொள்வது. எந்த ஷாப்பில் காது போகிறது, எந்த மெஷினில் சென்சாரை பைபாஸ் பண்ணி ஓட்டச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நம் மாணவர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை மலர் போடுவதோடு நின்றுவிடாமல், வருடத்துக்கு ஒருமுறை அவர்களை அழைத்து உட்கார வைத்துக் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

நம் ஊரில் பிறந்த இராமானுஜர், தனக்கு மட்டும் ரகசியமாகக் கிடைத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று ஊருக்கே உரக்கச் சொன்னதாகக் கதை சொல்கிறார்கள். குரு கோபிப்பார், நரகம் கிடைக்கும் என்று தெரிந்தே சொன்னாராம். தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாத மனசு அது. நமக்குத் தெரிந்த ஒரு சட்டப் பிரிவையோ ஓர் ஆபத்தையோ அடுத்த பேட்ச்சுக்குச் சொல்வதற்குக் கோபுரம்கூட வேண்டாம், கேன்டீன் பெஞ்சு போதும்.

'ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடிகிறபோது விடியட்டும்' என்று சொல்வார்கள். அலுத்துப்போனவன் பேச்சு அது. ஊதுவது என் வேலை, விடிந்தால் என்ன விடியாவிட்டால் என்ன என்கிற பேச்சு. இருபது வயதில் நமக்கு எதற்கு அந்த அலுப்பு? நேரம் பார்த்து, சேர்ந்து நின்று, பெயர் சொல்லி ஊதுவோம். விடிகிறதா என்று நின்று பார்த்துவிட்டே ஷிப்டுக்குப் போவோம்!

— மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை